தம்பியோடு மறுபடி பேச எது நல்ல வழி? ஒரு பிலிப்பினோ அக்காவோடு உட்கார்ந்து யோசித்தது

ரியாத்தில் என் அறைத்தோழி ஒரு பிலிப்பினோ. அவரை நான் ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவேன். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். வீட்டிலும் அவர்தான் மூத்தவர். அவருக்கு அடுத்து ஒரு தம்பி, பிறகு ஒரு தங்கை, கடைசியாக மணிலாவில் கால் சென்டர் வேலையில் இருக்கும் இன்னொரு தம்பி. பெரிய தம்பியோடு மூன்று வருடமாக அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி ஊரில் இருக்கும்படி விடுப்பு கிடைத்திருக்கிறது. போவதற்குள் தம்பியோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நைட் டியூட்டி முடிந்து வந்த பல காலைகளில் நாங்கள் இருவரும் பேசியிருக்கிறோம். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் அதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பாத்தாங்காஸ் மாகாணத்தில் கடலோரச் சிற்றூர். அப்பா முன்பே போய்விட்டார். ஆத்தே 18 வருடமாக வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி வீட்டைக் கட்டினார், தம்பிகளையும் தங்கையையும் படிக்க வைத்தார். பெரிய தம்பி அம்மாவோடு இருந்து பார்த்துக்கொண்டார். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு வருடம் குளிப்பாட்டி, துணி மாற்றி, மருந்து கொடுத்தது அவரும் அவர் மனைவியும்தான். இடையில் அம்மாவின் கையெழுத்தோடு தென்னந்தோப்பை ஒத்திக்கு வைத்திருக்கிறார். பணம் கொடுத்தவர் கடன் திரும்பும்வரை விளைச்சலை எடுத்துக்கொள்வார், நம் ஊர் ஒத்தி மாதிரியேதான். அதை யாரும் ஆத்தேயிடம் சொல்லவில்லை.

அம்மா இறந்தபோது, விடுப்பு வாங்கி இவர் ஊர் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று. மூத்த மகள் வரட்டும் என்று லாமாயை, அதாவது உடலை வீட்டில் வைத்து இரவெல்லாம் விழித்திருக்கும் சடங்கை, நீட்டி வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்து, இறந்தவருக்காக ஒன்பது நாள் சொல்லும் ஜெபத்தின் கடைசி இரவில், உறவினர் எல்லாரும் இருக்கும்போது தோப்பு விஷயம் வெளியே வந்தது. “நான் அனுப்பிய காசெல்லாம் எங்கே போயிற்று?” என்று இவர் கேட்டார். “நீ காசு அனுப்பினாய், நான் அம்மாவைக் குளிப்பாட்டினேன்” என்றார் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது.

எந்த வழி சரி என்று பார்ப்பதற்கு முன்னால், எது உடைந்திருக்கிறது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பிலிப்பினோக்களிடம் ‘தாம்போ’ என்று ஒரு சொல் உண்டு. அதைக் கோபம் என்று சொன்னால் பாதிதான் வரும். “அவன் முறுக்கிக்கிட்டு இருக்கான்” என்று நாம் சொல்வோமே, அதற்குப் பக்கத்தில் வரும். தாம்போ கொண்டவர் சண்டை போட மாட்டார், ஒதுங்கிப்போவார். நெருக்கமானவரிடம்தான் அது வரும். அடுத்தவர் தேடி வந்து கெஞ்சிக் கொஞ்சிச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிற எதிர்பார்ப்பு.

இங்கே இரண்டு பேருக்குமே தாம்போ. அதோடு ‘ஊதாங் நா லோஓப்’ என்கிற நன்றிக்கடனும் சேர்ந்துகொள்கிறது. ‘லோஓப்’ என்றால் உள்ளே. பணத்தால் அடைத்துவிட முடியாத, உள்ளே தங்கிவிடுகிற கடன். படிக்க வைத்த அக்காவுக்குத் தம்பி கடன்பட்டவர். அம்மாவைக் கடைசிவரை தாங்கிய தம்பிக்கு அக்கா கடன்பட்டவர். எதிரே இருப்பவர்தான் தேடி வர வேண்டும் என்று இருவரும் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோட்டேன்: யார் முதலில் இறங்கி வருவது என்கிற முடிச்சை இது அவிழ்க்கிறதா, இன்னும் இறுக்குகிறதா?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது செய்தி எழுதுவதுதான். குடும்பத்துக்கு மெசஞ்சரில் ஒரு குழு இருக்கிறது. அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு முன்னால் ஆத்தே அதில் நீளமாக ஒரு செய்தி போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். செய்தியைப் படித்தவர்களின் படம் குட்டி வட்டமாக அதன் கீழே வந்து உட்காரும். தங்கையின் வட்டம் உடனே வந்தது, சின்னத் தம்பியுடையது இடைவேளை நேரத்தில் வந்தது. பெரிய தம்பியின் வட்டம் ராத்திரி வந்தது. வந்து அங்கேயே இருந்தது. பதில் இல்லை. ஆத்தே தூங்காமல் அந்த வட்டத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் செய்தியை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். “நான் உங்களுக்காக எவ்வளவு செய்தேன், ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை” என்று அதில் ஒரு வரி இருந்தது. செய்ததைச் சொல்லிக்காட்டுவதற்குத் தகாலோக்கில் ‘சும்பாத்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களும் அதைப் பொறுக்க முடியாத அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆத்தே சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. அழுதுகொண்டே எழுதினார். ஆனால் எழுத்தில் அழுகை தெரியாது, கணக்கு மட்டும்தான் தெரியும். அதோடு தங்கையும் சின்னத் தம்பியும் பார்க்கிற இடத்தில் அந்த வரி நின்றது. இளையவர்களால் ‘கூயா’ என்று, அண்ணன் என்று, அழைக்கப்படும் மனிதர், அவர்கள் கண்ணெதிரே என்ன பதில் போட முடியும்?

முகநூலில் ஜாடையாக எதையாவது பதிவது இன்னும் மோசம். அதற்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது: ‘பாரினிக்’, காதில் விழட்டும் என்று பொதுவில் பேசுவது. யாரைச் சொல்கிறோம் என்று ஊரே கண்டுபிடித்துவிடும்; சம்பந்தப்பட்டவர் மட்டும் பதில் சொல்ல முடியாமல் நிற்பார். குழுவை “எத்தனை மணிக்கு விமானம், யார் கூப்பிட வருகிறார்கள்” என்பது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். சமாதானத்துக்கு அது இடமில்லை.

நேரடியாக வீடியோ அழைப்பில் பேசினால் என்ன? சின்னத் தம்பி அதைத்தான் சொன்னார். அவர் தலைமுறைக்கு அது சரியாக இருக்கலாம். ரியாத்துக்கும் அவர்கள் ஊருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். ஒருவர் வேலை முடித்துக் களைத்து வரும்போது மற்றவர் தூங்கப் போகிற நேரம். அதைவிடப் பெரிய சிக்கல் யார் அழைப்பது என்பது. அழைத்து அவர் எடுக்காமல் போனால், மூன்று வருடப் புண்ணின் மேல் இன்னொரு வெட்டு. எடுத்துவிட்டால், இரண்டு பேருக்கும் ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை கூட இல்லாமல் முகத்துக்கு முகம். ‘ஹியா’ என்கிற கூச்சமும் மானமும் கலந்த உணர்வு அவ்வளவு பலமாக இருக்கிற வீட்டில், முதல் பேச்சுக்கு இது பொருந்தாது. இரண்டாவது, மூன்றாவது பேச்சுக்குப் பொருந்தும்.

மூன்றாவது வழி பேசாமலே சேர்ந்துகொள்வது. பிலிப்பைன்ஸில் இதற்கு நாள்காட்டியே உதவுகிறது. செப்டம்பர் பிறந்ததுமே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை அதிகாலைத் திருப்பலி, 24 நள்ளிரவில் குடும்ப விருந்து. அதற்கும் முன்னால் நவம்பர் 1, 2 தேதிகளில் உண்டாஸ் வருகிறது. நம் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று சொல்வதுதான். ஆனால் அங்கே அது பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதோடு முடியாது. முன்கூட்டியே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிப்பார்கள். அன்றைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய், பாய் விரித்து, குழந்தைகள் உருகிய மெழுகைச் சேர்த்து உருண்டை பிடிக்க, இரவுவரை உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வருகிற நாள் அது.

இந்த வழியின் பலம், யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை என்பதுதான். இரண்டு பேரும் அம்மாவைத் தேடி வருகிறார்கள். ஒருவர் தட்டை நீட்டுவார், மற்றவர் வாங்கிக்கொள்வார். “சாப்பிட்டாயா?” என்று ஒரு வார்த்தை. அவ்வளவில் பல வீடுகளில் தாம்போ கரைந்துபோகிறது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. பேசித் தீர்த்தால்தான் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள், சோறு பரிமாறும் கை எவ்வளவு பேசும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் தோப்பு ஒத்தியில்தான் இருக்கும். கூடிவந்த சமாதானத்தைக் கெடுக்கக் கூடாது என்று யாரும் அதைத் தொட மாட்டார்கள். அடுத்த சாவிலோ கல்யாணத்திலோ அது மறுபடி வெளியே வரும், இந்த முறை பிள்ளைகளுக்கு நடுவில். அதனால் திருநாளை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

நான்காவது, நடுவில் ஒரு ஆள் வைத்துப் பேசுவது. ‘தாகாபாமாகிதான்’ என்பார்கள், இடையில் நிற்பவர். 1960-களில் மணிலாவின் அத்தனேயோ பல்கலைக்கழகத்தில் இருந்த இயேசு சபைத் துறவி ஃபிராங்க் லிஞ்ச், பிலிப்பினோக்கள் உறவை உரசாமல் காக்கும் முறைகளில் ஒன்றாக இந்த நடுவாள் வழக்கத்தைக் குறிப்பிட்டார். அவருக்குப் பின் வந்த உளவியலாளர் விர்ஹீலியோ என்ரீக்கெஸ், இதையெல்லாம் மேலோட்டமான இணக்கம் என்று பார்ப்பது போதாது, அடியில் ‘காப்வா’ என்கிற உணர்வு இருக்கிறது என்றார்; எதிரே இருப்பவரும் நானும் வேறல்ல என்பது அது. ஆத்தேயின் கதையைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டாமவர் சொன்னதுதான் உண்மையாகப் படுகிறது. பேசாமல் இருந்த மூன்று வருடமும் அவர் தம்பியை மறக்கவே இல்லை.

அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. எங்கள் அறை மூலையில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறந்தபடி நிற்கும். பாலிக்பாயான் பெட்டி, ஊருக்குக் கப்பலில் அனுப்புவது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும்: சோப்பு, சாக்லேட், டின் மாட்டிறைச்சி, துண்டுகள். ஒவ்வொரு பொட்டலத்திலும் மார்க்கரால் யாருக்கு என்று பெயர் எழுதுவார். மூன்று வருடமாகப் பெரிய தம்பியின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்பதாம் நம்பர் ஆண் செருப்பு ஒரு ஜோடி பெயரில்லாமல் போகும். அந்த வீட்டில் அந்த அளவுக் கால் ஒருவருக்குத்தான் இருக்கிறது. தங்கை அதை எடுத்துக் கூயா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவாராம். அவர் போட்டுக்கொள்வாராம். யாரும் எதுவும் பேசுவதில்லை.

ஆக, நடுவாள் ஏற்கெனவே இருக்கிறார், தங்கைதான். இளையவர்கள் அவரைத் ‘தித்சே’ என்று, இரண்டாவது அக்கா என்று, அழைக்கிறார்கள். ஊரிலேயே இருக்கிறார், இரண்டு பேருக்கும் வேண்டியவர். ஆனால் ஒரு குறை: அவரும் வாரிசு. தோப்பைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் தன் பங்குக்காகப் பேசுவதாகத் தோன்றிவிடும். ஆகவே மனத்தாங்கலுக்குத் தங்கை, சொத்துப் பேச்சுக்கு வேறொருவர் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். தம்பியின் ஞானத்தாய், அம்மாவின் சிநேகிதி, இன்னும் இருக்கிறார். அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி ஆசி வாங்காமல் அந்த வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர் முன்னால் குரலை உயர்த்த இருவருக்கும் மனம் வராது.

நடுவாளால் ஆபத்தும் உண்டு. வார்த்தை போகிற வழியில் உப்பும் காரமும் ஏறும். அதனால் அனுப்புகிற சொல் சின்னதாக, கூட்டிக்குறைக்க இடமில்லாததாக இருக்க வேண்டும். “அவன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால்…” என்று தொடங்கினாலே தவறு. “அம்மாவைக் குளிப்பாட்டியது நீ. அதை நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.” இவ்வளவு போதும். இதில் தோற்பது எதுவும் இல்லை, நடந்த உண்மை. இதைச் சொல்ல ஆத்தேவுக்கு மூன்று நாள் பிடித்தது. சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ஐந்தாவது வழி பாரங்காய். நாடு முழுக்க 42,000-க்கும் மேல் இருக்கிற கடைசி அடுக்கு உள்ளாட்சி அமைப்பு அது. 1978-இல் ஓர் அதிபர் ஆணையால் வந்து, 1991 உள்ளாட்சிச் சட்டத்தில் இடம்பெற்ற சமரச ஏற்பாடு அங்கே இருக்கிறது. முதலில் தலைவரே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். 15 நாளில் முடியாவிட்டால், ஊர்க்காரர்கள் அடங்கிய சமரசக் குழுவிலிருந்து மூவர் உட்கார்வார்கள். வக்கீல் வரக்கூடாது, அவரவரே வர வேண்டும். உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால், அதற்குத் தீர்ப்பின் பலம் உண்டு.

நல்ல ஏற்பாடு, செலவும் மிகக் குறைவு. ஆனாலும் இவர்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. வழக்குக்காரர்கள் ஒரே நகரத்திலோ முனிசிபாலிட்டியிலோ குடியிருக்க வேண்டும். ஆத்தே இருப்பது ரியாத்தில். அப்புறம், விசாரணை பொதுவில் நடக்கும். தனியாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம்தான், ஆனால் அழைப்பாணை வந்த செய்தி தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? சபையில் சொன்ன ஒரு வார்த்தையால் உடைந்த உறவை மறுபடி ஒரு சபைக்குக் கொண்டுபோவதில் எனக்கு விருப்பமில்லை.

நீதிமன்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1988-இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தின் 151-ஆம் பிரிவே, ஒரே குடும்பத்தவர் வழக்குப் போட வந்தால் சமாதானத்துக்கு மனமார முயன்று முடியாமல் போனதைக் காட்டச் சொல்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் அதில் அடக்கம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கள்ளக் கையெழுத்து, அடிதடி, ஒருவர் பங்கை மறைத்து விற்க முயல்வது என்று எதுவும் நடந்திருந்தால், மேலே சொன்ன மென்மையான வழிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் “எவ்வளவானாலும் தம்பிதானே” என்று பொறுத்துப்போகச் சொல்வது அக்காவுக்குச் செய்யும் அநியாயம். இங்கே அப்படி இல்லை. ஒத்திப் பணத்தில் பெரும்பகுதி அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது என்று தங்கை பில்களைப் படம் எடுத்து அனுப்பினார். மீதியில் தம்பி ஒரு டிரைசைக்கிள், நம் ஊர் ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றும் வண்டி, வாங்கியிருக்கிறார். அதை அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது தவறுதான்.

ஆகவே நான் சொன்ன முடிவு, ஒரு வழியை எடுத்து மற்றதை விடுவது இல்லை, வரிசை. முதலில் தங்கை வழியாக அந்தச் சின்ன வாக்கியம். அடுத்து உண்டாஸ், கல்லறையில், சாப்பாட்டோடு. அன்றைக்குத் தோப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அது முடிந்து, விடுப்பு தீர்வதற்குள் வேறொரு நாளில், ஞானத்தாய் வீட்டில் கணக்கு. அம்மா உயில் எழுதவில்லை, கடன் எதையும் மிச்சம் வைக்காமல் ஒத்தியை மீட்டுவிட்டால், நீதிமன்றம் போகாமலே வாரிசுகள் கூடிப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதலாம். அதை வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் பத்திரிகையில் வெளியிட வேண்டும். சட்டம் பிள்ளைகளுக்குச் சமப் பங்குதான் தருகிறது. பணம் அனுப்பியதற்கோ, பார்த்துக்கொண்டதற்கோ அதில் வாரிசுப் பங்கு அதிகமாகாது. அந்த இரண்டையும் மதிப்பது நாலு பேரின் மனதில்தான் இருக்கிறது. 2018 முதல் இறந்தவர் சொத்துக்கு வரி 6 சதவீதம், ஆனால் 50 லட்சம் பெசோ பொதுக்கழிவு இருப்பதால் இவர்களைப் போன்ற சின்னக் குடும்பத்துக்கு வரி வராமலே போகலாம். இருந்தாலும் பட்டா மாற வேண்டுமென்றால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஆத்தே ரியாத் திரும்பிய பிறகு கையெழுத்து தேவைப்பட்டால் இங்குள்ள அவர்கள் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் போட்டு அனுப்பிக்கொள்ளலாம்.

ஆத்தே ஒரு திருத்தம் சொன்னார். தோப்பை மீட்கும் பணத்தில் பாதியைத் தானே போடுவதாக. நான் வேண்டாம் என்றேன். மறுபடியும் பணம் அனுப்புகிற அக்காவாகவே நிற்பீர்கள், அவர் மறுபடியும் வாங்கிக்கொள்கிறவராக நிற்பார் என்றேன். நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம், தம்பி தவணையில் கொடுத்தாலும் அவர் பங்கை அவரே கொடுக்கட்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

வாக்கியம் தங்கை வழியாகப் போய் ஒன்பது நாள் ஆயிற்று. போன வெள்ளிக்கிழமை தங்கையிடமிருந்து செய்தி வந்தது. உண்டாஸுக்குக் கல்லறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாராம் கூயா. வெள்ளையே அடிப்பதா, அம்மாவுக்குப் பிடித்த இளநீலமா என்று ஆத்தேயிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாராம்.

ஆத்தே அன்றைக்குப் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் ‘நீலம்’ என்று எழுதி அனுப்பினார். பிறகு பெட்டியின் அடியில் கைவிட்டுச் செருப்புப் பொட்டலத்தை வெளியே எடுத்து, மார்க்கரைத் தேடினார்.